கனரக லாரிகளின் ஏர் பிரேக்: கண்டுபிடித்தவர்களும் பராமரித்தவர்களும்

சிக்னலில் நிற்கும் பெரிய லாரி கிளம்பும்போது 'புஸ்ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம் வரும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்த காற்று வெளியேறும் சத்தம் அது. காரில் இந்தச் சத்தம் கிடையாது. காரணம், காரில் பிரேக்கை இயக்குவது எண்ணெய். லாரியில் அந்த வேலையைச் செய்வது அழுத்தப்பட்ட காற்று.

இந்த வித்தியாசம் சத்தத்தோடு முடிந்துவிடுவதில்லை. காரில் மிதியை அழுத்தினால் காலின் விசை எண்ணெய் வழியாகச் சக்கரம் வரை போய்ச் சேர்கிறது. எண்ணெய் கசிந்திருந்தால் மிதி பஞ்சு போல உள்ளே போகும். 'ஏதோ சரியில்லை' என்று காலே சொல்லிவிடும். லாரியில் டிரைவர் மிதிப்பது ஒரு வால்வை மட்டும்தான். அது டேங்கில் இருக்கும் காற்றைச் சக்கரங்களுக்குத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. சக்கரத்தில் இருக்கும் பிரேக் நன்றாக இருந்தாலும் பாதி செத்துப் போயிருந்தாலும் மிதி காலுக்கு அடியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். கனரக லாரிகளின் பிரேக் பராமரிப்பு பற்றிய வரலாறு முழுவதும் இந்த ஒரு குறையைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ரயிலில் பிறந்த பிரேக்

ஏர் பிரேக் லாரிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 1860களில் அமெரிக்க ரயில்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் கையால் திருகும் பிரேக் சக்கரம் இருந்தது. எஞ்சின் டிரைவர் விசில் கொடுத்ததும் பிரேக்மேன்கள் ஓடும் ரயிலின் கூரை மீது ஏறி, பெட்டிக்குப் பெட்டி தாவி, ஒவ்வொன்றாகத் திருகுவார்கள். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம்.

இதற்கு மாற்றுக் கண்டவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1846இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1869இல் அவர் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது வயது 22! எஞ்சினில் ஒரு கம்ப்ரசர், ஒரு காற்று டேங்க், அங்கிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு குழாய். டிரைவர் வால்வைத் திறந்தால் காற்று குழாய் வழியே ஓடி ஒவ்வொரு பெட்டியின் பிரேக்கையும் அழுத்தும். பிட்ஸ்பர்க்கில் நடந்த வெள்ளோட்டத்திலேயே தண்டவாளத்தில் சிக்கிக்கொண்ட ஒரு குதிரை வண்டிக்குச் சில அடி முன்னால் ரயில் நின்றது என்று அவரைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன.

ஆனால் அந்த முதல் வடிவத்தில் பயங்கரமான ஒரு ஓட்டை இருந்தது. குழாய் எங்காவது அறுந்தால், ரயில் இரண்டாகப் பிரிந்தால், காற்று முழுக்கப் போய்விடும், பிரேக்கும் போய்விடும். அதாவது, பிரேக் மிக அவசியமான நேரத்தில்தான் அது இருக்காது.

1872இல் வெஸ்டிங்ஹவுஸ் தன் யோசனையை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு சிறிய டேங்க். 'டிரிபிள் வால்வு' என்ற ஒரு கருவி. குழாயில் எப்போதும் காற்று நிரம்பியிருக்கும். அந்த அழுத்தம் குறைந்தால் பெட்டியில் இருக்கும் டேங்க் திறந்து பிரேக்கைப் பிடிக்கும். இப்போது குழாய் அறுந்தால் ரயில் ஓடாது, நின்றுவிடும். பழுது ஏற்பட்டால் ஆபத்து வராமல் பாதுகாப்பு வரும்படி ஒரு இயந்திரத்தை அமைப்பது என்ற எண்ணத்துக்கு இதைவிட அழகான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இருந்தும் ரயில் கம்பெனிகள் உடனே மாறிவிடவில்லை, செலவு! அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகில் 1889 ஜூன் 12 அன்று ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற ரயில் ஒன்று ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. ஊழியர்கள் ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். அதில் இருந்தது வெற்றிட பிரேக்; தானாகப் பிடிக்காத வகை. பிரித்த உடனே பின்பகுதிக்குப் பிரேக் இல்லை. ஒரு கைப்பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான். பின்பகுதி சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதியது. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அதே வருடமே பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1893இல் வந்தது.

பாடப்புத்தகங்கள் பொதுவாக இங்கே நிறுத்திவிடும். ஆனால் ரயில்வேக்கள் பிரேக்கை மட்டும் வாங்கவில்லை, அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பழக்கத்தையும் உருவாக்கின. பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுக்க, உள்ளே கருவிகள் அடுக்கிய 'பாடப் பெட்டிகள்' ஊர் ஊராகத் தண்டவாளத்தில் போயின. ஒவ்வொரு வண்டியின் பிரேக்கும் எந்த ஊரில், எந்தத் தேதியில் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, சோதிக்கப்பட்டது என்பதை வண்டி மீதே பெயின்டால் எழுதி வைத்தார்கள். தேதி தாண்டிவிட்டதா என்று பார்ப்பதற்கு ஆபீஸ் ரிஜிஸ்டர் தேவையில்லை. பக்கத்தில் போய் நின்றாலே போதும். ரயில் கிளம்பும் முன் யார்டில் பரிசோதகர் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்ப்பார். வெஸ்டிங்ஹவுஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெயின்ட் டப்பாக்காரர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

சாலைக்கு வந்தது கருவி மட்டும்

1920களில் லாரிகள் பெரிதாகத் தொடங்கின. கம்பியும் நெம்புகோலும் கொண்ட பிரேக்குகளால் அந்த எடையை நிறுத்த முடியவில்லை. டிரெய்லரைக் கழற்றி மாட்டும்போது எண்ணெய்க் குழாய் பெரிய தொல்லை. காற்றுக் குழாய் என்றால் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு துளி கசிந்தாலும் பாதகமில்லை, காற்று இலவசம்தானே! இப்படி ரயிலின் பிரேக் சாலைக்கு வந்தது. 1930இல் அமெரிக்காவில் லாரி, பேருந்துகளுக்கான ஏர் பிரேக் தயாரிக்க பெண்டிக்ஸ்-வெஸ்டிங்ஹவுஸ் என்ற தனி நிறுவனமே தொடங்கப்பட்டது.

ஆனால் ரயில்வேயின் யார்டும், குனிந்து பார்க்கும் பரிசோதகரும், பெயின்டில் எழுதிய தேதியும் கூடவே வரவில்லை. ஒரு ரயில் கம்பெனியிடம் ஆயிரக்கணக்கான பெட்டிகளும் அவற்றுக்கான ஆட்களும் உண்டு. ஒரே ஒரு லாரி வைத்திருப்பவரிடம்? டிரைவர்தான் முதலாளி, அவரேதான் மெக்கானிக், அவரேதான் பரிசோதகர். 1935இல் வந்த மோட்டார் கேரியர் சட்டத்துக்குப் பிறகுதான் மாநில எல்லை தாண்டும் லாரிகளின் பாதுகாப்புக்கு மத்திய அரசின் விதிகள் வரத் தொடங்கின. ரயில்வேயில் தானாக இருந்த ஒழுங்கைச் சாலையில் சட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வேலை முழுசாக முடிந்துவிட்டது என்று இன்றும் சொல்ல முடியாது.

தொடக்க கால லாரிகளில் காற்று மொத்தமாகப் போனால் பிரேக்கும் போகும். வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் மூடிய ஓட்டை மறுபடியும் திறந்துகொண்டது போல! இதற்கு வந்த தீர்வு ஸ்பிரிங் பிரேக். பிரேக் சேம்பருக்குப் பின்னால் இன்னொரு அறை. அதில் மிகவும் வலுவான ஒரு ஸ்பிரிங். காற்று அழுத்தம் இருக்கும்வரை அந்த ஸ்பிரிங் சுருங்கிக் கிடக்கும். அழுத்தம் ஏறத்தாழ 20 முதல் 45 பவுண்டு (ஒரு சதுர அங்குலத்துக்கு) அளவுக்கு இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். லாரியை நிறுத்தி வைக்கும் பிரேக்கும் இதுவேதான்.

இதில் ரயிலைவிட லாரி ஒரு படி மேலே போய்விட்டது. ரயிலின் தானியங்கி பிரேக் பிடித்திருப்பதும் டேங்கில் சேமித்த காற்றால்தான்; நீண்ட நேரம் கசிந்தால் அதுவும் தளர்ந்துவிடும். கனடாவின் லாக்-மெகான்டிக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று 47 பேரைப் பலிகொண்ட எண்ணெய் ரயில் விபத்தில், நிறுத்தி வைத்திருந்த ரயிலின் எஞ்சின் அணைக்கப்பட்டதும் கம்ப்ரசர் நின்றது, எஞ்சின்களைப் பிடித்திருந்த காற்று மெல்லக் கசிந்தது, போட்டிருந்த கைப்பிரேக்குகள் போதவில்லை. லாரியில் அந்தப் பிடியை ஸ்பிரிங் வைத்திருக்கிறது. இரும்பு கசியாது.

(ஒரு எச்சரிக்கை: அந்த ஸ்பிரிங் அறையைத் தெரியாமல் கழற்றியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். உள்ளே சுருண்டிருக்கும் விசை அவ்வளவு. அதனால்தான் இப்போது பல சேம்பர்களைத் திறக்கவே முடியாதபடி மடக்கி மூடிவிடுகிறார்கள். கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.)

அரை அங்குலக் கணக்கு

லாரியின் சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் பராமரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும். காற்று வந்து சேரும் இடம் பிரேக் சேம்பர். உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம். காற்று டயாபிரத்தைத் தள்ள, அது புஷ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் தள்ள, அது ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் 'எஸ்' எழுத்து வடிவில் உள்ள ஒரு கேமைத் திருப்பும். கேம் இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மில் அழுத்தும்.

பரவலாகப் பயன்படும் 30ஆம் எண் சேம்பரில் டயாபிரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் என்றால் கம்பியில் 3000 பவுண்டு, அதாவது 1300 கிலோவுக்கும் மேல் விசை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பி வெளியே வரக்கூடிய தூரமே மொத்தம் இரண்டரை அங்குலம். அமெரிக்க விதிப்படி சாதாரண 30ஆம் எண் சேம்பரில் 2 அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தால் 'பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் தவறிவிட்டது' என்று கணக்கு. லைனிங் தேயத் தேய, ஷூ டிரம்மைத் தொட அதிக தூரம் போக வேண்டும். கம்பியும் அதற்கேற்ப அதிகம் வெளியே வரும். மிச்சம் இருப்பது அரை அங்குலம்.

அந்த அரை அங்குலத்தைத் தின்பது வெப்பம். மலைச் சரிவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகும். சூடானால் விரியும், ஷூவை விட்டு விலகும். கம்பி இன்னும் வெளியே வர வேண்டும். கடைசியில் டயாபிரம் சேம்பரின் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். டேங்கில் காற்று முழுக்க இருக்கிறது, மீட்டர் முள் 100 காட்டுகிறது, கால் மிதியைத் தரையோடு அழுத்தியிருக்கிறது. ஆனால் ஷூவுக்கு விசை போய்ச் சேரவில்லை. 'பிரேக் ஃபெயிலியர்' என்று செய்தித்தாளில் ஒரே வார்த்தையில் வரும் பல விபத்துகளுக்குப் பின்னால் எதுவும் உடைந்திருக்காது என்பதுதான் இதில் கொடுமை.

இன்னொரு கொடுமை, ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. லேசாக மிதித்தால் குறைந்த காற்று, குறைந்த விசை, கம்பியும் குறைவாகவே நகரும். வண்டி ஒழுங்காக நிற்கும். 'நேற்றுகூட நன்றாகத்தானே பிடித்தது' என்று டிரைவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

டேங்கில் சேரும் தண்ணீர் இன்னொரு எதிரி. காற்றை அழுத்தினால் சூடாகும், பிறகு ஆறும்போது அதில் உள்ள ஈரம் தண்ணீராக டேங்கின் அடியில் தங்கும். கம்ப்ரசரிலிருந்து வரும் எண்ணெயும் அதில் கலந்தால் கஞ்சி போன்ற ஒரு கசடு. அது வால்வுகளை அடைக்கும். குளிர் நாடுகளில் உறைந்து குழாயையே மூடிவிடும். இதற்கு ஏர் டிரையர் என்ற கருவி பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் இருக்கும் மருந்து ஒன்றே: டேங்கின் அடியில் உள்ள சிறிய குழாயைத் திறந்து தண்ணீரை வடித்து விடுவது. பிடித்தால் அரை நிமிட வேலை. வடிந்த தண்ணீரில் எண்ணெய் அதிகமாகத் தெரிந்தால் கம்ப்ரசர் தேய்கிறது என்று அர்த்தம். அதாவது பணம் கொடுக்காமலே ஒரு பரிசோதனை.

சட்டம் முந்தியது, ஒர்க் ஷாப் பிந்தியது

1975இல் அமெரிக்க அரசு ஏர் பிரேக்குக்கான '121ஆம் எண் தரவிதி'யை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு பகுதி கெட்டாலும் இன்னொன்று வேலை செய்யும்படி இரட்டைக் காற்றுச் சுற்று போன்ற நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. கூடவே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் குறிப்பிட்ட தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்ற நிபந்தனை. அதற்கு அன்றைய ஆரம்பகால எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ். தேவைப்பட்டது. அந்தக் கருவிகள் சாலையின் அதிர்வையும் ஈரத்தையும் தாங்கவில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் போதவில்லை. வழக்கு நடந்து 1978இல் நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. ஏ.பி.எஸ். மறுபடி கட்டாயமாக 1997 ஆனது. பராமரிக்க முடியாத பாதுகாப்பு, பாதுகாப்பே அல்ல என்று டிரைவர்கள் அன்று சொன்னதில் நியாயம் இருந்தது.

அடுத்து, அரை அங்குலப் பிரச்சினைக்கு வருவோம். அதுவரை டிரைவரோ மெக்கானிக்கோ வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பானரால் ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் திருகி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். ஐந்து அச்சு உள்ள அமெரிக்க லாரியில் பத்து பிரேக்குகள். சேற்றில், பனியில், நள்ளிரவில் பத்து முறை. எத்தனை பேர் ஒழுங்காகச் செய்திருப்பார்கள்? எனவே தேய்மானத்துக்கு ஏற்பத் தானே திருகிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டரை 1994 அக்டோபர் முதல் புதிய வண்டிகளில் கட்டாயமாக்கினார்கள். கம்பி எவ்வளவு வெளியே வருகிறது என்பதைக் காட்டும் அடையாளமும் சேர்ந்தே வந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? பாதி தீர்ந்தது. மீதிப் பாதி புது உருவம் எடுத்தது.

2001 மே 31 அன்று அர்கன்சா மாநிலத்தின் மவுன்டன்பர்க் ஊரில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிய ஒரு டிரெய்லர் லாரி சரிவின் அடியில் இருந்த 'நில்' பலகையில் நிற்க முடியாமல் ஒரு பள்ளிப் பேருந்தில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணம்: லாரியின் பிரேக்குகள் சரியாகப் பராமரிக்கப்படவில்லை, சரியாகப் பரிசோதிக்கப்படவும் இல்லை.

2003 ஏப்ரல் 11 அன்று பென்சில்வேனியாவின் கிளென் ராக் என்ற சிற்றூரில் அதிக பாரம் ஏற்றிய ஒரு டிப்பர் லாரி செங்குத்தான சரிவில் நிற்காமல் இறங்கி நான்கு கார்களில் மோதியது, உயிரிழப்பு ஏற்பட்டது. டிரைவருக்கு ஏர் பிரேக் வண்டியில் சரியான பயிற்சி இல்லை. ஆனால் இந்த விசாரணை அறிக்கையின் முக்கியமான பகுதி மெக்கானிக்குகளைப் பற்றியது. வண்டியில் இருந்தது ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டர். அது தளரும்போதெல்லாம் பழைய வழக்கப்படி ஸ்பானர் எடுத்துக் கையால் திருகியிருக்கிறார்கள்.

இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். தானே திருகிக்கொள்ள வேண்டிய கருவி தளர்ந்திருக்கிறது என்றால் ஒன்று அந்தக் கருவி கெட்டிருக்கிறது, அல்லது தவறாக மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது கேம், புஷ், பின் என்று வேறு ஏதோ தேய்ந்திருக்கிறது. கையால் திருகினால் அந்த நிமிடம் அளவு சரியாகிவிடும். நோய் உள்ளேயே இருக்கும். சில நாளில் மறுபடி தளரும். காய்ச்சலுக்கு என்ன காரணம் என்று பார்க்காமல் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுப்பது மாதிரிதான் இது. சோம்பேறித்தனத்தால் நடந்த தவறு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். முப்பது வருடமாகச் சரி என்று கற்றுக்கொண்ட வேலையே புதுக் கருவி வந்ததும் தவறாகிவிட்டது. அதை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லும் தகவலும் எச்சரிக்கையும் போதவில்லை என்று வாரியமே குறிப்பிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு இழை உண்டு. 1962இல் சென்னை பாடியில் டி.வி.எஸ். குழுமம் பிரிட்டனின் கிளேட்டன் டிவான்டர் நிறுவனத்தோடு சேர்ந்து சுந்தரம்-கிளேட்டனைத் தொடங்கி ஏர் பிரேக் தயாரித்தது. அதன் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. பிறகு அந்தப் பிரிவு வாப்கோ பெயருக்கு மாறியது. 2020இல் வாப்கோ இசட்.எஃப். நிறுவனத்தின் கைக்குப் போனது. 'வாப்கோ' என்பது வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனி என்பதன் சுருக்கம்தான். 22 வயது இளைஞரின் காப்புரிமை பாடி வரை வந்திருக்கிறது!

இப்போது டிஸ்க் வகை ஏர் பிரேக்குகள் பெருகி வருகின்றன. அவற்றில் சூட்டில் விரிந்து விலகும் டிரம் இல்லை. ஆனாலும் சாலையில் ஓடும் டிரம் பிரேக் லாரிகள் கொஞ்சமல்ல. வட அமெரிக்காவில் சாலையோரப் பரிசோதனையில் ஒரு வண்டியின் பிரேக்குகளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பழுதாக இருந்தால், அதாவது பத்தில் இரண்டு கெட்டிருந்தால், சரிசெய்யும்வரை வண்டி அங்கிருந்து நகரக் கூடாது.

அந்தப் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஸ்பிரிங் பிரேக்கை விடுவித்து, எஞ்சினை அணைத்து, டேங்கில் 90 முதல் 100 பவுண்டு அழுத்தம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சேம்பரிலிருந்து புஷ் ராடு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மேலே ஒருவர் மிதியை முழுசாக மிதித்துப் பிடிக்க, கீழே இன்னொருவர் கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். அப்படியே காது கொடுத்துக் கேட்டால் காற்றுக் கசிவும் தெரியும். மிதித்துப் பிடித்த நிலையில் தனி லாரி என்றால் நிமிடத்துக்கு 3 பவுண்டுக்கு மேலும், டிரெய்லர் மாட்டிய லாரி என்றால் 4 பவுண்டுக்கு மேலும் முள் இறங்கக் கூடாது. பிறகு அடுத்த சக்கரம். மேலே மிதிப்பவருக்கு எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரிதான் தெரியும். அளவைச் சொல்ல வேண்டியவர் கீழே இருப்பவர்.